முதலில் கை, அப்புறம் டிரம் செட்

டிரம்ஸ் ஆசை வந்தவுடன் முக்கால்வாசிப் பேர் செய்வது செட் விலை விசாரிப்பது. அடுத்தது, அதிவேகமாக வாசிக்கும் யாரோ ஒருவரின் வீடியோவைப் பார்த்து அதே வேகத்தில் கையை வீசிப் பார்ப்பது. வாத்தியார் இல்லாமல் தானாகக் கற்கிறவருக்கு இரண்டுமே வேண்டாத வேலை. முதல் சில மாதங்களுக்கு ஒரு ஜோடி ஸ்டிக், ரப்பர் ஒட்டிய ஒரு பிராக்டிஸ் பேட், ஒரு மெட்ரோனோம் போதும். மெட்ரோனோம் செல்போனிலேயே ஓசியில் கிடைக்கிறது. (பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார் :-) )

தானாகக் கற்பவர் கையில் வரும் பெரிய கோளாறு, ஸ்டிக்கை இறுக்கிப் பிடிப்பது. பேடில் பட்ட ஸ்டிக், தரையில் தட்டிய பந்து மாதிரி தானே எழும்பும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது ஆட இடம் கொடுத்து, மற்ற மூன்று விரல்களும் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் பாதி வேலையை ஸ்டிக்கே பார்த்துக்கொள்ளும். இறுக்கினால் ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்குவதும் மணிக்கட்டின் பாடு. முன்கை கல்லாகும், விரலில் கொப்புளம் வரும், அப்புறம் வலி. வலியோடு வாசிப்பதை வீரம் என்று நினைப்பவர்கள் உண்டு. சுத்தப் பைத்தியக்காரத்தனம். தசைநாண் வீங்கிவிட்டால் வாரக்கணக்கில் ஸ்டிக்கைத் தொட முடியாது.

'நிர்வானா டேவ் குரோல் தலையணையில் அடித்துத்தானே கற்றுக்கொண்டார்?' என்று கேட்கலாம். உண்மைதான். வீட்டில் செட் இல்லாத சிறுவனுக்குக் கிடைத்த வழி அது. ஆனால் தலையணை ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பாது. அதனால் தூக்கும் பலம் வளரும். எழும்பி வரும் ஸ்டிக்கை விரலால் அடக்கும் பழக்கம் வராது. பேட் வாங்க முடிகிறவர் அதை ஏன் தேட வேண்டும்?

என்ன வாசிப்பது என்பதற்கு ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 1935-லேயே பதில் எழுதி வைத்துவிட்டார். 'ஸ்டிக் கன்ட்ரோல்' புத்தகத்தின் முதல் பக்கம் முழுக்க வலது, இடது மட்டும்தான். வலது-இடது-வலது-இடது, அதையே இடதில் தொடங்கி, பிறகு வலது-வலது-இடது-இடது, ஐந்தாவதாக பாரடிடில், அதாவது வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது. ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் 20 தடவை. பார்த்தால் எல்கேஜி பாடம் மாதிரி இருக்கும். நிமிடத்துக்கு 60 என்று மெட்ரோனோமை வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு அடியாக வாசித்தால்தான் இடது கையின் வண்டவாளம் தெரியும். 'டேக் ஃபைவ்' (1959) பாட்டில் டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோ இந்த ஸ்டோனிடம் படித்தவர்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து கையைத் திருத்த ஆள் இல்லாத குறை மட்டும் பாக்கி. அதற்குச் செல்போன் கேமரா இருக்கிறது. வாசிப்பதைப் படம் பிடித்து முதலில் சத்தமில்லாமல் பார்க்க வேண்டும்: இரண்டு ஸ்டிக்கும் ஒரே உயரத்துக்குப் போகின்றனவா, தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எந்த அடி இடது என்று காதுக்குத் தெரிகிறவரை மெட்ரோனோமில் 60-ஐத் தாண்டத் தேவையில்லை.