சவுண்டும் சந்தமும்: செவியொப்புமை சான்றாகாது

'சந்தம்' என்பதே ஆங்கிலத்தில் 'சவுண்ட்' ஆயிற்று என்பன போன்ற கூற்றுகள் கருத்தரங்க மேடைகளிலும் கைத்தட்டல் பெறுகின்றன. செவிக்கு இனிக்கும் இவ்வொப்புமை, சொல்லின் வரலாற்றைத் தொட்டவுடன் உதிர்ந்துவிடுகிறது.

இலத்தீனில் ஒலியைக் குறித்த சொல் 'சொனுஸ்'. அது பழம்பிரெஞ்சில் 'சொன்' ஆகி, நார்மானியர் வெற்றிக்குப் பின்னர் ஆங்கிலத்தில் 'சூன்' என நுழைந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் ஆங்கிலத்திலும் அது 'சூன்' என்றே வழங்கியது. இறுதி டகரம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. னகரத்தை அடுத்து நாவில் தானாக எழும் ஒலி அது. இடியைக் குறிக்கும் 'தண்டர்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் டகரமின்றித் 'துனோர்' என்றே இருந்தது. ஆகவே, இரு சொற்களையும் உறவாக்குவதாகத் தோன்றும் ஒலியொற்றுமையே பிந்தைய வரவு. போதாக்குறைக்கு, யாப்போசையைக் குறிக்கும் 'சந்தம்' வடமொழிச் 'சந்தஸ்' வழி வந்தது.

ஆங்கிலத்திலேயே நலமுடைமையையும் நீரிணையையும் குறிக்கும் 'சவுண்ட்' என்னும் வேறு சொற்கள் உள்ளன. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றே. அவற்றின் மூலம் ஜெர்மானியம். ஒரே மொழிக்குள்ளேயே உறவை நிறுவமுடியாத ஒலியொப்புமை, கடல் கடந்து எதனை நிறுவும்?

அயலார் அகராதியை ஏன் ஏற்க வேண்டும் என்று சிலர் வினவலாம். இங்கே சான்று அகராதியின் அதிகாரமன்று. யாரும் படித்துச் சரிபார்க்கக்கூடிய பழைய நூல்கள். மேலும், 1816இல் எல்லிசும் 1856இல் கால்டுவெல்லும் திராவிட மொழிகளின் தனிக்குடும்பத்தை நிறுவியது வேரையும் இலக்கணத்தையும் முறைப்படி ஒப்பிட்டே. அம்முறையைக் கைவிடுவது, தமிழின் தனித்தன்மை நிற்கும் கிளையைத் தமிழின் பெயராலேயே வெட்டுவதாகும்.

தமிழரின் ஒலிக்கருவி ஒன்றின் பெயர் மெய்யாகவே ஆங்கிலத்தில் தங்கியிருக்கிறது. அது பறை. பறையடிப்போரைக் குறித்த 'பறையர்' என்ற பெயரை 17ஆம் நூற்றாண்டில் 'பரையா' என ஆங்கிலம் ஏற்றது. இன்று அதன் பொருள், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். பெருமை தேடிச் சொல்வேட்டையாடுவோர் இச்சொல்லை மேடையில் எடுப்பதில்லை. ஆங்கிலத்துக்கு அச்சொல்லைத் தந்தது தமிழ். அப்பொருளைத் தந்தது இம்மண்ணின் சாதி. கற்பனையான கொடையைக் கொண்டாடுவதைவிட, மெய்யான இக்கொடைக்கு நாணுவதே அறிவு நாணயம்.