புகார் சொல்பவரே தீர்ப்பும் எழுதலாமா?

மைசூர் சமஸ்தானம் 1908இல் கொண்டுவந்த செய்தித்தாள் சட்டம், அரசின் அனுமதியின்றி யாரும் பத்திரிகை நடத்தக் கூடாது என்றது. கொடுத்த அனுமதியைப் பறிக்கும் அதிகாரத்தையும் அரசுக்கே தந்தது. திவான் வி. பி. மாதவராவின் நிர்வாகம் விமர்சனத்தைப் பகையாகப் பார்த்ததன் விளைவு அது. மைசூரு மக்கள் ‘தாத்தையா’ என்று அன்போடு அழைத்த எம். வெங்கடகிருஷ்ணய்யா, அதை எதிர்த்துத் தம் பத்திரிகைகளையே நிறுத்தினார். மன்னராட்சிக் காலத்துக் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1987இல் தமிழகச் சட்டமன்றம், அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சிறைக்கு அனுப்பியது. 2017இல் கர்நாடகச் சட்டமன்றம், உறுப்பினர்களைப் பற்றி எழுதியதற்காகப் பத்திரிகை ஆசிரியர்கள் இருவருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது.

பத்திரிகைகளும் அவதூறு செய்கின்றனவே, அவற்றைத் தட்டிக் கேட்க வேண்டாமா என்பார்கள். கேட்கத்தான் வேண்டும்; அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே எழுதியவர் ஆதாரத்தை முன்வைக்கலாம், பாதிக்கப்பட்டவர் பரிகாரம் பெறலாம். விமர்சிக்கப்பட்டவரே தண்டனையும் விதித்தால் பொய்யோடு உண்மையும் சேர்ந்தே அடங்கும். அந்த அதிகாரம் சமஸ்தானத்திடம் இருந்தாலும் சட்டமன்றத்திடம் இருந்தாலும் இழப்பு குடிமக்களுக்குத்தான். சட்டமன்றங்கள் இப்படித் தண்டிப்பதற்கு ஆதாரமாகக் காட்டும் சட்டமன்ற உரிமைகளைத் தெளிவான சட்டமாக வகுத்து, இந்த அதிகாரத்துக்கு எல்லை கட்டுவதே மக்களாட்சிக்கு அழகு.