லேத் மேஸ்திரியை வகுப்புக்கு அழையுங்கள்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் டூல் வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிவிடும். அடுத்த வெட்டில் முனை மழுங்கிப்போகும். விசைப்படகின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கடையும் மேஸ்திரிக்கு இது கைப்பாடம். வேகத்தைக் குறைப்பார், ஃபீடை விடமாட்டார். சத்தம் மாறினாலே கை நிறுத்தும் விசைக்குப் போகும். ஷாஃப்டின் டேப்பர் புரொப்பல்லரில் சரியாக உட்காருகிறதா என்று நீல மை தடவிப் பார்ப்பார். மை சீராகப் பதியவில்லையா? மறுபடியும் கடைசல்தான். பொருத்தம் தவறினால் நடுக்கடலில் படகு நின்றுவிடும்.

இந்தப் பக்குவம் பட்டறையோடு முடிந்துவிடக் கூடாது.

கீழக்கரையில் 1984 முதல் முகமது சதக் பொறியியல் கல்லூரி இயங்குகிறது. மண்டபமும் ராமேசுவரமும் விசைப்படகுகள் நிறைந்த கரைகள். வேலையிடத்தில் பழகிக் கற்க வழிசெய்யும் தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பட்டம் இல்லை என்பதற்காக மூத்த மேஸ்திரிகளை ஒதுக்காமல், உரிய ஊதியம் கொடுத்துப் பயிற்சிக் கூடங்களுக்கு அழைக்க வேண்டும். இந்தக் கடலோர மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களும் கல்லூரிகளும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கட்டும்.