ஆலோசனை அறை தண்டனைக் கூடமா?

பள்ளியில் வழிகாட்டி ஆலோசனைச் சேவை எதற்கு என்று நம் தமிழ்ப்பள்ளிகளில் கேட்டுப் பாருங்கள். "குறும்பு செய்யும் மாணவர்களைத் திருத்துவதற்கு" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அந்தச் சேவையைச் சிறுகச் சிறுகச் சாகடிப்பது இந்த விடைதான் என்பது என் உறுதியான கருத்து.

"மறுபடியும் சண்டை போட்டால் ஆலோசக ஆசிரியரிடம் அனுப்பிவிடுவேன்!" இந்த மிரட்டலை எத்தனை வகுப்பறைகளில் கேட்டிருக்கிறோம்! இதைக் கேட்டு வளரும் பிள்ளை, தனக்கு உண்மையிலேயே துன்பம் நேரும்போது அந்த அறையின் கதவைத் தட்டுமா?

1959ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் பிரம்படி, இடைநீக்கம், பள்ளிநீக்கம் ஆகிய தண்டனைகளுக்கு இடம் தந்தன. ஆலோசனை அந்த வரிசையில் வருவதன்று. கட்டொழுங்கு ஆசிரியர் "என்ன செய்தாய்?" என்று கேட்பவர், ஆலோசகர் "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்பவர். இவ்விரண்டு கேள்விகளையும் ஒருவரே கேட்டால், பிள்ளை இரண்டுக்குமே உண்மை சொல்லாது.

வகுப்பில் நாள்தோறும் தூங்கிவிழும் ஐந்தாம் ஆண்டு மாணவனை எடுத்துக்கொள்வோம். அப்பா இரவு வேலைக்குப் போகிறார். அம்மா இரவு ஒன்பதுக்குப் பிறகே தொழிற்சாலையிலிருந்து திரும்புகிறார். தங்கைக்குச் சோறு போட்டுத் தூங்க வைப்பவன் இந்தச் சிறுவன். அவனுக்குத் தண்டனைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவது எளிது. அவன் நிலையை அறிந்து, பெற்றோரை அழைத்துப் பேசி, மாணவர் நலப் பிரிவின் உதவியைப் பெற்றுத் தருவது கடினம். அந்தக் கடினமான வேலைக்குப் பெயர்தான் ஆலோசனைச் சேவை.

"தமிழ்ப்பள்ளி ஒரு குடும்பம். எல்லா ஆசிரியர்களும் பெற்றோரைப் போன்றவர்கள். தனியாக ஆலோசகர் எதற்கு?" என்று வாதிடுவோர் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால், குடும்பத்தில் சொல்ல முடியாததைச் சொல்வதற்குத்தானே பிள்ளைக்கு வேறோர் இடம் தேவைப்படுகிறது? தோட்டப்புறச் சிறிய பள்ளியில் ஆசிரியரும் பெற்றோரும் ஒரே கோயில் திருவிழாவில் சந்தித்துக் கொள்கிறார்கள். காலையில் பிள்ளை சொன்னது மாலையில் வீட்டை எட்டிவிடும். ஆகவே, மறைகாப்பு மிகுதியாகத் தேவைப்படுவது சிறிய பள்ளியில்தான். பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றாலொழிய, அங்குப் பேசியது ஆசிரியர் அறை வரைகூடச் செல்லலாகாது.

ஆனால் நடைமுறை என்ன? முழுநேர ஆலோசகர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே கிடைக்கிறது. நம் நாட்டின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. அங்கே, பாடமும் நடத்திப் புறப்பாடமும் கவனிக்கும் ஓர் ஆசிரியரின் தலையில் இப்பொறுப்பும் ஏற்றப்படுகிறது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் (சட்டம் 580), ஆலோசகராகத் தொழில் புரிவோர் முறைப்படி பதிவு பெற வேண்டும் என்கிறது. பயிற்சி வேண்டிய ஒரு தொழிலை, பணிப்பட்டியலின் கடைசி வரியாக்குவது எவ்வகையில் நியாயம்?

முழுநேர ஆலோசகர் உள்ள பள்ளிகளிலும் நெடுங்காலம் அவர் யூ.பி.எஸ்.ஆர். தன்முனைப்பு முகாம்களின் ஏற்பாட்டாளராகவே இருந்தார். அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. இனியாவது ஆறாம் ஆண்டு மாணவனை இடைநிலைப்பள்ளிக்கு ஆயத்தப்படுத்தலாமே! தமிழில் ஆறாண்டு பயின்றவன் திடீரென மலாய்மொழி வகுப்பறையில், அறிமுகமில்லாத முகங்களுக்கு நடுவே அமர்கிறான். புகுமுக வகுப்புக்குச் செல்பவன் தன்னைத் தோற்றவன் என்றே எண்ணிக்கொள்கிறான். அவன் வாய்மூடிப் பின்வரிசைக்கு ஒதுங்குவதற்கு முன்பே அவனோடு பேச வேண்டியவர் யார்?

தலைமையாசிரியர்களே, ஆலோசகருக்குக் கட்டொழுங்குப் பொறுப்பைத் தராதீர்கள். பிறர் காதில் விழாமல் பேச ஓர் அறை கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, பள்ளியின் வண்ணப்பூச்சுக்கு மனு எழுதும் அதே பேனாவால் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டியும் எழுதுங்கள். அருகருகே உள்ள சிறிய பள்ளிகள் சுழல்முறையில் ஒருவரைப் பகிர்ந்துகொள்ளவாவது மாவட்டக் கல்வி அலுவலகத்திடம் கேளுங்கள்.

தவறு செய்த பிள்ளை மட்டுமல்ல, தவறே செய்யாமல் உள்ளுக்குள் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையும் அச்சமின்றி நுழையக்கூடிய அறை ஒன்று பள்ளியில் இருக்க வேண்டும். அந்த அறையைத் தண்டனைக் கூடமாக்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை!