தள்ளுபடி விருந்தாளி

சென்ற தை மாதம் தஞ்சாவூரில் சிலப்பதிகாரக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை வாசிக்கச் சென்றிருந்தேன். பெரிய கோயிலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த அம்மாவையும் உடன் அழைத்துப் போனேன். ஓடைப்பட்டியிலிருந்து பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் அவர் முழங்கால் வீங்கிவிட்டது. அறையை முன்கூட்டியே ஒரு தள்ளுபடிப் பயண இணையதளத்தில் பதிவு செய்திருந்தேன். 'முதல் மாடி, லிஃப்ட் வசதி, காலை உணவு உட்பட' என்று அதில் கண்டிருந்தது. 1,450 ரூபாயும் முன்பணமாகவே கட்டியாகிவிட்டது.

வரவேற்பு மேசையில் இருந்த பையன் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "அண்ணே, ஆன்லைன் பார்ட்டி" என்று குரல் கொடுத்தான். அந்த இரண்டு சொற்களில் எங்கள் தகுதி முடிவாகிவிட்டது. கிடைத்தது மூன்றாம் மாடியின் பின்கட்டில், ஜெனரேட்டருக்கு நேர் மேலே ஓர் அறை. லிஃப்ட் இரண்டாம் மாடியோடு நின்றுவிடும். காலை உணவு பற்றிக் கேட்டதற்கு, "அது அவங்க போட்டது சார், எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எங்களுக்குப் பின்னால், பதிவு எதுவுமின்றி நேரே வந்து பேரம் பேசிய குடும்பத்துக்கு முதல் மாடியில் அறை கிடைத்தது. அவர்கள் கொடுத்தது 1,600 ரூபாய் என்று மறுநாள் பேச்சுவாக்கில் தெரிந்தது. ஆக, என் அம்மாவின் முழங்காலுக்கு அந்த விடுதி போட்ட விலை நூற்றைம்பது ரூபாய்.

இது என் ஒருவனின் மனக்குறை என்றால் எழுதியிருக்க மாட்டேன். நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பதிவு வந்து சேரவில்லை என்று சொல்லி வாசலில் நிறுத்துவது, அதை ரத்து செய்துவிட்டுக் கையில் பணம் கொடுத்தால் நல்ல அறை தருவதாகக் காதில் ஓதுவது, வெந்நீருக்கும் துண்டுக்கும் தனிக் கணக்கு எழுதுவது. நம் ஊர் லாட்ஜுகளில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்பது பழைய வழக்கம். இணையத்தில் பதிந்தவருக்கு அது கிடையாது. இரவு பத்து மணிக்கு வந்தாலும் காலை பதினொன்றுக்குக் கதவு தட்டப்படும். பக்கத்து அறைக்காரர் மட்டும் இரவு வரை உறங்கலாம்.

நிற்க. விடுதிக்காரர்கள் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வேறோர் ஊரில் விடுதி ஒன்றின் வரவேற்பில் பணிபுரிகிறார். "ஐயா, நீங்க கட்டுற ஆயிரத்துல எங்க முதலாளி கைக்கு வர்றது எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க? தரகு போகணும், வரி போகணும். மிச்சமும் அன்னைக்கே வராது. அந்தக் கோபத்தை எங்க காட்டுவாரு?" என்றார். அவர் சொன்னது புனைவன்று. இந்திய விடுதி, உணவக சங்கங்களின் கூட்டமைப்பு இத்தகைய குறைகளுடன் இந்தியப் போட்டி ஆணையத்தை நாடியது. 2022 அக்டோபர் 19 அன்று ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. இணையதளத்தில் உள்ள விலையைவிடக் குறைத்து விடுதி பிற தளங்களில் விற்கக் கூடாது என்ற ஒப்பந்த விதியைத் திருத்துமாறும் ஆணையிட்டது. பிரான்ஸ் இத்தகைய விதிகளைச் செல்லாதவையாக்கி 2015-லேயே சட்டம் இயற்றிவிட்டது. தன் கடையில் தன் பொருளுக்குத் தானே விலை வைக்க முடியாதவனின் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்த எரிச்சல் யார் மேல் இறங்குகிறது என்பதே கேள்வி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் விடுதி முதலாளி. தரகை எடுத்துக்கொண்டவர் எங்கோ ஒரு பெருநகரத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறார். தண்டனை மட்டும் மூன்றாவது ஆளுக்கு. எங்கள் ஊர் திராட்சைக்குப் பேர்போனது. இங்கே தோட்டக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவே கமிஷன் மண்டி இருக்கிறது. மண்டிக்காரர் எடுக்கும் பங்கைப் பற்றி எங்கள் விவசாயிகள் புலம்பாத நாளில்லை. அதற்காகப் பெட்டியின் மேலே நல்ல குலையை அடுக்கி அடியில் அழுகலை வைத்தால் அதைத் தரகு எதிர்ப்புப் போராட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஏமாற்று என்றுதான் சொல்வார்கள். விடுதிக்காரர் மட்டும் அதே காரியத்தைச் செய்துவிட்டு 'எனக்குக் கட்டுப்படியாகவில்லை' என்று சொன்னால் நாம் தலையாட்ட வேண்டுமா? கட்டுப்படியாகாத அறையைத் தளத்தில் போடாதீர்கள். ஜெனரேட்டர் அறையைத்தான் தருவதாக இருந்தால் ஜெனரேட்டர் அறை என்றே எழுதுங்கள். அந்த விலைக்கு அதை விரும்பி எடுப்பவரும் இருப்பார்.

'மலிவு தேடிப் போனால் மரியாதை தேடக் கூடாது' என்று கருத்தரங்கில் சந்தித்த பேராசிரிய நண்பர் ஒருவர் சிரித்தார். தள்ளுபடியை நான் கெஞ்சிப் பெறவில்லை. ஊரறிய விலை போட்டுக் கூவி அழைத்தவர்கள் அவர்கள். கூப்பிட்ட விலைக்கு வந்தவனைக் குறைந்த ஆளாக நடத்துவதற்குச் சிக்கனம் குற்றமா? விளம்பரத்தில் ஒன்றும் நேரில் வேறொன்றும் தருவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் முறையற்றது. 1915 என்ற எண்ணில் புகார் பதியலாம். நான் பதிந்தேன், இணையதளத்தின் மீதும் சேர்த்து. முதல் மாடி என்று காட்டிப் பணம் வாங்கியது அதுதானே? விடுதிக்கும் தளத்துக்கும் உள்ள வழக்கை அவர்கள் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளட்டும், என் அம்மாவின் மூன்றாம் மாடிப் படிகளில் வேண்டாம்.

இலக்கியம் படிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வள்ளுவர் விருந்தினரின் மனத்தை அனிச்ச மலரைவிட மென்மையானதாகக் கண்டார். கோவலனைப் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைச் சொல்லும்போது, விருந்தினரை எதிர்கொள்ள முடியாமற் போனதையும் கண்ணகி சேர்த்தே சொல்கிறாள். அவளுக்கு எங்கள் மேற்கு மலையில் தமிழக, கேரள எல்லையில் கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவன்று மலையேறிப் போகிறோம். தஞ்சையில் அந்த வரிகளைப் பற்றித்தான் நான் கட்டுரை வாசித்தேன், இரவெல்லாம் ஜெனரேட்டர் சத்தத்தில் தூங்காத கண்களோடு. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது.

பழம்பெருமை பேச நான் வரவில்லை. மங்கம்மாள் சத்திரத்தைப் போற்றும் நாம், பல சத்திரங்களில் இன்னாருக்கு உள்ளே இலை, இன்னாருக்குத் திண்ணை, இன்னாருக்கு வாசலே கிடையாது என்று இருந்ததை மறந்துவிட்டுப் போற்றுகிறோம். வருகிறவனின் முகத்தைப் பார்க்குமுன் அவன் எந்த வழியாக வந்தவன் என்று விசாரித்து இடம் ஒதுக்குவது நமக்குப் பழகிய கை. விடுதி மேசையில் காசு வைத்தால் எல்லாரும் சமம் என்ற ஒரு சின்ன நன்மையைப் புதிய காலம் கொடுத்தது. எத்தனையோ பேருக்கு அது சிறிதன்று. பணத்தைக் கட்டிய பிறகும் 'எந்த வழி' என்று கேட்டு மாடியைப் பிரிக்கும் இந்தப் பழக்கம் அந்தப் பழைய கையை மீண்டும் நீட்டுகிறது. என்னை உறுத்துவது அதுவே.

அம்மா பெரிய கோயிலைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பும் பேருந்தில், "அடுத்த தடவ யாராச்சும் தெரிஞ்சவுக வீட்டுல தங்கிக்கிருவோம்ப்பா" என்றார். விடுதிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தோல்வியை எந்தத் தரகனும் தந்துவிட முடியாது.