இரவற் சொல்லும் இழந்த உரிமையும்

‘அட்டார்னி செனரல்’ என்னும் பணிப்பெயரைத் தூய ஆங்கிலமெனப் பலர் நம்புகின்றனர். அன்று, 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் பிரெஞ்சு மொழி விட்டுச்சென்ற எச்சமே அது.

‘அமர்த்தப்பட்டவன்’ எனப் பொருள்படும் அப் பழம் பிரெஞ்சுச் சொல்லில் டகர மெய் ஒன்றே. இல்லாத இலத்தீன் வேரைக் கற்பித்துப் பிற்காலத்தார் அதனை இரண்டாக்கினர். எழுதுவது ஒகரம், ஒலிப்பதோ அகரம் போன்றதோர் ஒலி. ஆங்கிலத்தில் அடைமொழி முன்வரும், இங்கோ பின்வருகிறது. அதனால் பன்மையீறும் இடையில் தொங்குகிறது: ‘அட்டார்னீசு செனரல்’!

‘தலைமை வழக்குரைஞர்கள்’ என்று பாருங்கள்! அடை முன்னே, பன்மை ஈற்றிலே, எழுத்தும் ஒலியும் இயைவன. எது செப்பமான மொழி?

ஆங்கிலேயரே அயன்மொழியைப் பொறுத்தாரல்லர். 1362இல் ஆங்கிலத்தில் வழக்காடச் சட்டம் செய்தனர். 1733 முதல் மன்ற ஆவணங்களினின்றும் இலத்தீனையும் பிரெஞ்சையும் அகற்றினர். மக்களுக்கு விளங்கா மொழியில் முறைசெய்தல் தகாது என்பதே அவர்கள் கண்ட உண்மை.

இங்கோ, உயர் அறமன்றத்தில் தமிழ் வேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் 2006இல் முடிவு நிறைவேற்றியது. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர் அறமன்றங்களில் இந்திக்கு இசைந்த தில்லி, தமிழுக்கு மறுத்தது. தன் வழக்கின் தீர்ப்பைத் தன் மொழியில் கேட்கவியலாதவன் உரிமை பெற்றவனா? தமிழர்களே, விழிமின்! அறமன்றில் தமிழ் ஏறும்வரை ஓயாதிருமின்!