கக்கன் பிறந்த நாளில் மாலையோடு கலைந்துவிட வேண்டாம்: மேலூர் வட்டார மக்களின் வேண்டுகோள்



ஜூன் 18 கக்கன் பிறந்த நாள். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர் அவர். ஆண்டுதோறும் அன்று அங்குள்ள அவரது மணிமண்டபத்தில் மாலை போடுகிறோம். அமைச்சராக இருந்தவர் டவுன் பஸ்ஸில் போனதையும் வாடகை வீட்டில் குடியிருந்ததையும் சொல்லிக் கண்கலங்குகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். இந்த ஆண்டு அப்படிக் கலைந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் எந்தக் கட்சியின் சார்பிலும் பேசவில்லை. எங்களில் விவசாயிகள் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு, அரசு விடுதியில் தங்கிப் படித்து வேலைக்குப் போனவர்கள் உண்டு. கக்கன் எங்கள் ஊர்க்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள்தான் எல்லாரும்.

கக்கன் நோயுற்றிருந்தபோது நடந்த மருத்துவமனைச் சம்பவம் உங்களுக்கும் தெரியும். அங்கே சிகிச்சையில் இருந்த அரசியல் தலைவர் மதுரை முத்துவைப் பார்க்க மதுரை அரசு மருத்துவமனைக்கு வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., கக்கன் அங்கே பொது வார்டில் இருப்பதை அறிந்து பதறிப்போனார். அதன் பிறகே அவருக்கு அரசின் உதவிகள் கிடைத்தன. இதை நாம் கக்கனின் எளிமைக்குச் சான்றாகச் சொல்லி வருகிறோம். ஆனால் பத்தாண்டு அமைச்சராக இருந்த மனிதர் நோயில் கிடந்த சேதியை ஒரு முதலமைச்சர் தற்செயலாக வந்து கண்டுபிடிக்கும்படி நாம் விட்டிருந்தோம். அந்தக் கதையில் அவருடைய பெருமை எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு நம்முடைய குறையும் இருக்கிறது. எளிமையை மட்டும் பாடிக்கொண்டிருந்தால் அவர் பட்ட பாட்டுக்கு நாம் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்கிறோம். அவர் செய்த வேலையும் மறைந்துபோகிறது.

அந்த வேலை என்னவென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பகலில் கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்காக இந்த வட்டாரத்தில் இரவுப் பள்ளிகள் நடத்தியவர் கக்கன். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த ஒடுக்கப்பட்ட மக்களில் ஒருவர் அவர். அப்போது அவருக்கு வயது 31. ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் அலிப்பூர் சிறைவரை போனார். அரசியல் நிர்ணய சபையில் இருந்தார். 1952 முதல் 1957 வரை நாடாளுமன்ற உறுப்பினர். காமராசர் முதலமைச்சரானபோது மாநிலக் காங்கிரசுக்குத் தலைவரானவரும் இவரே.

1957 ஏப்ரலில் அமைச்சராகி, பொதுப்பணித் துறையையும் அரிசன நலத்துறையையும் ஏற்றார். சாத்தனூர் அணையும் கிருஷ்ணகிரி அணையும் வைகை அணையும் திறக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். வைகை அணையில் 71 அடி நின்றால் மேலூர் விவசாயியின் முகம் தெளிவதும், பெரியார் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள் என்றதும் நாற்றங்காலுக்கு ஆள் ஓடுவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். அந்தத் தண்ணீரில் நம் ஊர்க்காரர் ஒருவரின் உழைப்பும் கலந்து வருகிறது.

பின்பு வேளாண் துறையையும், 1963 முதல் 1967 வரை உள்துறையையும் பார்த்தார். அந்தப் பொறுப்பில் அவர் இருந்த 1965-இல், இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூடுகளின் வலி இன்னும் ஆறாதவர்கள் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடச் சொல்லவில்லை. முழு மனிதராகவே அவரை நினைவில் வைப்போம். 1967 தேர்தலில் மேலூரில் தோற்று, பதவிக்குப் போனபோது இருந்ததைவிடக் கூடுதலாகப் பணம் எதுவும் சேர்க்காமல் வெளியே வந்தார் என்பதை அவரை எதிர்த்தவர்களும் மறுத்ததில்லை.

இனி எங்கள் வேண்டுகோள். பணம் கேட்டு நாங்கள் யாரிடமும் வரவில்லை. தயவுசெய்து ஃபிளெக்ஸ் பேனரும் வைக்காதீர்கள். நாங்கள் கேட்பது நான்கு காரியங்கள்.

முதலாவது, அவரை நேரில் பார்த்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அவரைப் பற்றிய நினைவு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்; கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெட்டியில் பழைய கடிதமோ படமோ இருந்தால் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பக்கத்தில் உள்ள, ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான அரசு விடுதிக்கு வாரம் இரண்டு மாலை போங்கள். கணக்கோ ஆங்கிலமோ, தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். அவர் நடத்திய இரவுப் பள்ளிகளுக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னம் கிடையாது.

மூன்றாவது, அரசு மருத்துவமனைப் பொது வார்டில் துணைக்கு ஆளில்லாமல் கிடப்பவர்களை மாதம் ஒரு முறையாவது பார்த்து வாருங்கள். மருந்துச் சீட்டை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் ஒரு பாட்டிக்கு அரை மணி நேரம் துணையாக நின்றால் போதும்.

நான்காவது, எல்லாவற்றிலும் கடினமானது. 1939-இல் மீனாட்சியம்மன் கோயிலின் கதவு திறந்தது. நம் ஊர்க் கோயிலிலும் கண்மாய்க் கரையிலும் சுடுகாட்டுப் பாதையிலும் எல்லாரும் சமமாக நடக்கிறோமா என்று அவரவர் ஊரில் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வாய்திறந்து பேசுங்கள். இதில் இளைஞர்கள் தனியாக நிற்கும்படி விடாமல் ஊர்ப் பெரியவர்கள் முன்னே வர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறோம்.

ஜூன் 18 மாலை 5 மணிக்குத் தும்பைப்பட்டி மணிமண்டபத்தில் கூடுவோம். அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்போம். உங்கள் பெயரையும், இந்த நான்கில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். அவர் மறைந்த நாளான டிசம்பர் 23 அன்று அதே இடத்தில் அந்த நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசிப்போம். செய்தவர் எழுந்து செய்ததைச் சொல்லட்டும். செய்ய முடியாமல் போனவரும் தயங்காமல் வரட்டும். அவர் எழுதிய வரி அடுத்த ஜூன் வரை நோட்டில் இருக்கும்.

இங்ஙனம்,
மேலூர் வட்டாரப் பொதுமக்கள்